மொத்த நாற்காலிகள் 255

இப்படி நகந்து உக்காருங்கம்மா. அந்த ஓரம் ஆடும், பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. நான் ஒன்பதரையிலேருந்து உக்காந்திருக்கேன், அதான் தெரியும். ஹெச்.எம். அம்மாவைப் பாக்கத்தானே? நானும் அதுக்குத்தான். உள்ள யாரோ இருக்காங்களாம், அவங்க வெளிய வந்ததும் நான், எனக்கப்புறம் நீங்க. உங்க பிள்ளை எத்தனாவது? ஏழாவதா. சரி சரி. இன்னும் மூணு வருஷம் நிம்மதியா தூங்குங்க.

என் பொண்ணு பத்தாவது. சங்கமித்ரா. வீட்ல மித்ரான்னு கூப்பிடுவோம். அரையாண்டுல கணக்குல முப்பத்தொண்ணு. நூத்துக்கு முப்பத்தொண்ணு. இந்தா, விடைத்தாளைக் கையோட கொண்டாந்திருக்கேன். கையெழுத்து போட்டுத் திருப்பிக் குடுக்கணும்னாங்க. நான் போடல. ஹெச்.எம். அம்மாகிட்ட நியாயம் கேக்காம போடறதா இல்ல.

என்னைப் பாத்திருப்பீங்களே. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி சைவ ஹோட்டல்ல சர்வர். வைரக்கண்ணு. பட்டுக்கோட்டையில இருபத்தாறு வருஷமா அந்த ஒரே ஹோட்டல்தான். ஆறு டேபிள் எனக்கு. துண்டுச்சீட்டு கிடையாது, பேனா கிடையாது. இருபத்து நாலு பேரு என்ன கேட்டாங்கங்கறது எல்லாம் இங்க, மண்டைக்குள்ள. இட்லி, பொங்கல், வடை, பூரி, ரவா, கல் தோசை, நெய் ரோஸ்ட்டுன்னு ஆரம்பிச்சேன்னா முப்பத்திரண்டு ஐட்டத்தையும் ஒரே மூச்சுல முடிச்சுட்டுத்தான் நிப்பேன். புதுசா வேலைக்கு வர்றவங்களுக்கு நான்தான் பாடம் எடுப்பேன். வேற என்ன, மனப்பாடம்தான். ஒரு வாரம் காலையில சாயங்காலம் ஒப்பிக்கச் சொல்வேன். எட்டாம் நாள் தட்டை எடுத்துக் கையில குடுத்துருவேன்.

எதுக்குச் சொல்றேன்னா, படிக்கறதுன்னா என்னன்னு தெரியாத ஆள் இல்ல நான். நானும் பத்தாவது எழுதினவன். நாலு தடவை எழுதினவன். முதல் தடவை கணக்குல இருபத்திரண்டு. அடுத்து இருபத்தேழு. அப்புறம் ஒரு டியூஷன் வாத்தியார் கிடைச்சார். "புரிஞ்சு படிடா, புரிஞ்சு படிடா"ன்னாரு. புரிஞ்சு படிச்சேன். பத்தொன்பது. நாலாவது தடவை அவர்கிட்ட சொல்லாம கொள்ளாம ஒரு கைடை வாங்கி, முதல் பக்கத்துலேருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் கமா, புள்ளி விடாம மனப்பாடம் பண்ணேன். முப்பத்தெட்டு. பாஸ். அன்னைக்கு எங்கம்மா அழுதுச்சு. அதுக்குள்ள கூடப் படிச்சவனெல்லாம் காலேஜ் போயிட்டான், எனக்கு ஹோட்டல் வேலைதான் கிடைச்சுது, அது வேற விஷயம். ஆனா பாஸ்.

அதனால மித்ரா பத்தாவது வந்த உடனே நான் முடிவு பண்ணிட்டேன். இவ என்னை மாதிரி நாலு தடவை அந்த வாசல்ல போய் நிக்கக் கூடாது. பயம்மா எனக்கு. மறைக்க ஒண்ணுமில்ல. மார்க் வர்ற அன்னைக்கு ஊர் மொத்தம் கேக்கும், "என்ன வைரம், பொண்ணு என்ன மார்க்கு?"ன்னு. ஆறு டேபிள்லயும் கேப்பான். எனக்குக் கையில தட்டு நிக்காது.

மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு மூணரை மணிக்கு எனக்கு விடுவாங்க. ஆறு மணிக்கு மறுபடி போகணும். மத்தவன்லாம் அந்த நேரத்துல துண்டை விரிச்சுப் படுப்பான். நான் படுக்கல. ஜூன் மாசத்துலேருந்து ஒரு நாள் படுக்கல. நாலே முக்காலுக்கு அவ பள்ளிக்கூடம் விட்டு வருவா. மூஞ்சி கழுவி, ஒரு காப்பி. அஞ்சுலேருந்து அஞ்சே முக்கால் வரைக்கும் கணக்கு. எந்த அப்பன் இப்படிச் செய்வான் சொல்லுங்க.

கைடுல எண்பத்தாறு கணக்கு பொறுக்கினேன். ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். நான் நம்பரைச் சொன்னா அவ கணக்கைச் சொல்லணும். "பதினாலு"ன்னா உடனே, "ஓர் அரங்கத்தில் பத்து வரிசைகள் உள்ளன. முதல் வரிசையில் பன்னிரண்டு நாற்காலிகள். அடுத்தடுத்த வரிசைகளில் மூன்று நாற்காலிகள் கூடுதல்"னு ஆரம்பிச்சு, சூத்திரம் சொல்லி, போட்டு, "ஆகவே மொத்த நாற்காலிகள் இருநூற்று ஐம்பத்தைந்து"ன்னு முடிக்கணும். நடுவுல நின்னா முதல்லேருந்து. சில நாள் நின்னுடுவா. "அப்பா, முதல் வரி மட்டும் எடுத்துக் குடுங்கப்பா, பிடிச்சுக்கறேன்"னு கேப்பா. குடுக்க மாட்டேன். பரீட்சை ஹால்ல யாரு வந்து எடுத்துக் குடுப்பா?

அவங்கம்மா இந்திராணிக்கு இது பிடிக்கல. "தட்டுல சோறு இருக்கும்போதும் நம்பர் கேக்கறீங்க, அது முழுங்கட்டும்"னு சத்தம் போடும். கேட்டேன்தான். ஞாபகம்கறது அப்படித்தான் நிக்கும். தீபாவளி அன்னைக்கு எண்ணெய் தேய்க்கும்போது கூட முப்பத்தேழாம் கணக்கு சொன்னா. அழகா சொன்னா. நவம்பர் வரும்போது எண்பத்தாறும் தண்ணி மாதிரி.

ஒரு விஷயத்துக்குத்தான் எனக்குக் கோவம் வரும். ரஃப் நோட்டு. மாசத்துக்கு ரெண்டு ரஃப் நோட்டு தீந்துடும். காலையில பாயைச் சுருட்டினா அடியில பூரா ரப்பர் தூள். மனப்பாடம் பண்ற பிள்ளைக்கு ரப்பர் எதுக்கும்மா? பென்சில்ல என்னத்தையோ எழுதறது, அழிக்கறது, எழுதறது, அழிக்கறது. "என்னடி இது?"ன்னா "சும்மாப்பா, போட்டுப் பாக்கறேன்"ங்கறா. போட்டு எதுக்குப் பாக்கணும்? அதான் போட்ட கணக்கு கைடுலயே இருக்கே. ஒரு நாள் அந்த நோட்டைப் பிடுங்கிப் பரண்ல போட்டேன்.

அன்னைக்குத்தான் ஒரு வார்த்தை கேட்டா. "அப்பா, டேபிள்ல வந்து உக்காந்தவரு ஊத்தப்பம் கேட்டா, நேத்து அவர் ரோஸ்ட் சாப்பிட்டாருன்னு ரோஸ்ட்டைக் கொண்டு போய் வைப்பீங்களா?" அப்பன்கிட்ட பேசற பேச்சா இது? கை ஓங்கிட்டேன். அடிக்கல. ஓங்கினதுக்கே அவ மூஞ்சி வெளுத்துடுச்சு. அதுக்கப்புறம் அந்த மாதிரி பேசறது இல்ல. நம்பர் சொன்னா கணக்கு சொல்வா. அவ்வளவுதான்.

இப்ப அரையாண்டுக்கு வரேன். கேள்வித்தாள் போட்டது எமல்டா டீச்சர். இவங்க கணக்கு டீச்சர். நல்லவங்கதான், இல்லேங்கல. ஆனா என்ன பண்ணியிருக்காங்க பாருங்க. என்னோட பதினாலாவது கணக்கை எடுத்திருக்காங்க. அதே கணக்கு. அரங்கத்தைத் தூக்கிட்டுத் தோப்புன்னு போட்டிருக்காங்க. நாற்காலியைத் தூக்கிட்டுத் தென்னங்கன்று. பத்து வரிசையை மட்டும் விட்டுவச்சுட்டு, பன்னிரண்டு இருந்த எடத்துல பதினஞ்சு, மூணு இருந்த எடத்துல ரெண்டு. இது நியாயமா? அந்தக் கணக்குக்கு ஆறு மாசம் உழைச்சிருக்கு பிள்ளை. சொல்லாம கொள்ளாம நம்பரை மாத்தினா அது என்ன பண்ணும்?

அது பாவம், நான் சொல்லிக் குடுத்தபடியே எழுதியிருக்கு. பாருங்க, படிங்க. "ஆகவே மொத்த நாற்காலிகள் 255." கையெழுத்தைப் பாருங்க, முத்து முத்தா. ஒரு எழுத்து பிசகல. இதுக்கு சைபர் போட்டு, பக்கத்துல "தோப்பில் நாற்காலி எங்கிருந்து வந்தது?"ன்னு சிவப்பு மையில எழுதியிருக்காங்க. கிண்டல். இந்த மாதிரி அஞ்சு மார்க் கணக்கு ஆறு எழுதியிருக்கா. ஆறுக்கும் சைபர். கிராஃபும் ஜாமெட்ரியும் இல்லேன்னா பிள்ளை கதி என்ன ஆகியிருக்கும்?

அது போகட்டும். இந்த வாரம் பிள்ளைங்களை ரெண்டு குரூப்பா பிரிச்சிருக்காங்க. நிறைய மார்க் வாங்கறவங்களுக்குத் தனி வகுப்பு. முப்பத்தஞ்சுக்குக் கீழ உள்ளவங்களுக்கு பாஸ் வகுப்பு. பாஸ் வகுப்புல நாப்பது பக்கத்துல சின்ன புக்கு ஒண்ணு குடுக்கறாங்களாம். அதை மட்டும் மனப்பாடம் பண்ணா முப்பத்தஞ்சு நிச்சயம். எனக்குக் கேட்டதும் உசுரே வந்துச்சு. நாப்பது பக்கம்தானே, பத்தே நாள்ல முடிச்சுருவா மித்ரா. போய்ப் பேரைப் பாத்தா, பாஸ் வகுப்புல இவ பேரு இல்ல. அந்தத் தனி வகுப்புல போட்டிருக்காங்க எமல்டா டீச்சர். முப்பத்தொண்ணு வாங்கின பிள்ளையை, தொண்ணூறு வாங்கற பிள்ளைங்களோட.

அதுக்கு மேல ஒரு போனு. போன செவ்வாக்கிழமை மத்தியானம் ஒண்ணேகால் மணிக்கு. ஒண்ணேகாலுக்கு ஹோட்டல்ல எப்படி இருக்கும்? ஒரு கையில சாம்பார் வாளி, ஒரு கையில போனு. "சார், தயவு செஞ்சு வீட்ல மித்ராவுக்கு நீங்க கணக்கு சொல்லிக் குடுக்காதீங்க"ன்னாங்க. அப்படியே சொன்னாங்க. பெத்த பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்காதன்னு ஒரு அப்பன்கிட்ட சொல்லலாமா? ரசம் கேட்டவருக்கு மறுபடியும் சாம்பாரை ஊத்திட்டேன். இருபத்தாறு வருஷத்துல அது ரெண்டாவது தடவை. மேற்கொண்டு ஏதோ சொன்னாங்க, "அவ அடிச்சதைப் பாருங்க சார்"னு. நான் கட் பண்ணிட்டேன்.

அவ இந்திராணிகிட்ட சொல்லியிருக்கா, பிளஸ் ஒன்ல கணக்கு உள்ள குரூப்தான் வேணும்னு. சோத்தைத் தொடாம அழுதாளாம். முதல்ல பாஸ் பண்ணட்டும். அப்புறம் எந்த குரூப்பு, எந்த மேளம்னு பேசலாம். ஆசைப்பட்டா போதுமா? நானும்தான் ஆசைப்பட்டேன் ஒரு காலத்துல.

அதனாலதான் இந்த மனு. "என் மகள் சங்கமித்ராவைத் தேர்ச்சி வகுப்பில் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." இதை ஹெச்.எம். அம்மா கையில குடுத்துப் பேசணும். பேசறதையும் தயார் பண்ணி வச்சிருக்கேன். காலையிலேருந்து காப்பி ஆத்தும்போதெல்லாம் அதான் சொல்லிப் பாத்தேன். கேளுங்களேன். "வணக்கம் தலைமையாசிரியை அம்மா. என் பெயர் வைரக்கண்ணு. நான் அதிகம் படிக்காதவன். ஆனால் என் பிள்ளையின் படிப்பில் அக்கறை உள்ளவன். தங்கள் பள்ளியின் கணக்கு ஆசிரியை எமல்டா அவர்கள் மீது எனக்கு ஒரு மனக்குறை உண்டு..." இப்படியே போகும். மூணு நிமிஷம். எங்கயும் நிக்காது.

என்னம்மா, அந்தத் தாளையே பாத்துக்கிட்டிருக்கீங்க? அதுவா. அது அடிச்சது. விடுங்க. மேல ஏதோ சொந்தமா கிறுக்கியிருக்கா, அப்புறம் நான் சொன்னது ஞாபகம் வந்து அடிச்சுட்டுக் கீழ ஒழுங்கா எழுதியிருக்கா. நான் அடிச்சுச் சொல்லியிருக்கேன்ல, பரீட்சையில உன் புத்தி ஒண்ணு சொல்லும், மனப்பாடம் ஒண்ணு சொல்லும், ரெண்டும் வேற வேறயா இருந்தா உன் புத்தியைக் கேக்காதன்னு. என் புத்தியைக் கேட்டுத்தானே நான் மூணு தடவை போனேன். அடிக்கும்போதும் ஸ்கேல் வச்சு ஒரே கோடா அடின்னு சொன்னேன். கன்னாபின்னான்னு அடிச்சா திருத்தறவங்களுக்கு எரிச்சல் வரும். பாருங்க, எவ்வளவு நேரா அடிச்சிருக்கா.

இதுலயும் எமல்டா டீச்சர் விடல. பாருங்க, பக்கத்துல சிவப்பு மை. "இதை ஏன் அடித்தாய்?" அடுத்த பக்கத்துலயும், "இதை ஏன் அடித்தாய்?" மொத்தம் ஆறு எடத்துல. பிள்ளை தப்பா எழுதினதைத் தானே அடிச்சுக்குது, அதுக்கும் ஒரு கேள்வி. அடிச்சதுக்கு மார்க் போடக் கூடாதுன்னு சட்டமாம். மார்க் இல்லாததுல உங்களுக்கு என்ன சிவப்பு மை?

என்ன, விரல் விட்டு எண்ணறீங்க? என்னது, இருநூத்தி நாப்பதா? எது?

இல்லம்மா, விடை இருநூத்தி அம்பத்தஞ்சு. கைடுல இருக்கு. ஆங், தென்னங்கன்றுக்கா? தென்னங்கன்றுக்கு எனக்கு எப்படித் தெரியும்? அதான் மாத்திட்டாங்களே.

என்ன எழுதியிருக்கா அதுல? கோட்டுக்கு அடியில எனக்குச் சரியாத் தெரியல. படிங்க. "முதல் வரிசை 15. கடைசி வரிசை 33. இரண்டும் சேர்ந்து 48. இரண்டாவது 17, அதற்கு ஜோடி 31. அதுவும் 48."

இருங்க. இருங்க, வேகமா போகாதீங்க. பந்தியில எலை போடற மாதிரி யோசிச்சுப் பாக்கறேன். முதல் வரிசையில பதினஞ்சு எலை. அடுத்ததுல பதினேழு. பத்தொம்பது, இருபத்தொண்ணு, இருபத்திமூணு, இருபத்தஞ்சு, இருபத்தேழு, இருபத்தொம்பது, முப்பத்தொண்ணு, முப்பத்திமூணு. பத்து வரிசை ஆச்சா. பதினஞ்சும் முப்பத்திமூணும் நாப்பத்தெட்டு. பதினேழும் முப்பத்தொண்ணும் நாப்பத்தெட்டு. பத்தொம்பதும் இருபத்தொம்பதும், அட, அதுவும் நாப்பத்தெட்டு. இருபத்தொண்ணும் இருபத்தேழும். இருபத்திமூணும் இருபத்தஞ்சும். அஞ்சு ஜோடி. அஞ்சு நாப்பத்தெட்டு...

இருநூத்தி நாப்பது.

இது கைடுல இல்லம்மா. சத்தியமா இல்ல. கைடுல சூத்திரம்தான் இருக்கு. இந்த ஜோடி சேக்கறது எங்கயும் இல்ல. நான் சொல்லிக் குடுக்கல. யாரு சொல்லிக் குடுத்தா இவளுக்கு?

அடுத்த பக்கம் திருப்புங்க. அதுலயும் மேல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. அதுவும் சரியா இருக்குமா? உங்களுக்குத் தெரியுமா? தெரியாதா. பரவால்ல. எனக்கும் தெரியாது. ஆனா அதுலயும் அதே சிவப்பு மை இருக்கே.

ஆறு கணக்கு. ஆறஞ்சு முப்பது. முப்பத்தொண்ணோட முப்பது.

பாயடியில ரப்பர் தூளு கிடக்கும்னு சொன்னேன்ல உங்ககிட்ட. நோட்டைப் பரண்ல போட்டேன்னும் சொன்னேன்ல.

இந்தக் கோட்டைப் பாருங்கம்மா. ஒரே கோடுன்னுதானே சொன்னேன். நடுங்கவே இல்ல கை. இவ்வளவும் சரியா எழுதி முடிச்சு, ஸ்கேலை எடுத்து வச்சு... அந்த நேரத்துல அவ என்ன நெனச்சிருப்பா? நான் கை ஓங்கினதையா?

என்னம்மா? கூப்பிடறாங்களா? என்னையா? வரேன், வரேன். என்ன சொல்றாங்க ஆபீஸ்காரம்மா? ஹெச்.எம். அம்மா இல்லையா? மீட்டிங்குக்கு அந்தப் பக்க வாசல் வழியா கிளம்பிட்டாங்களா? அப்ப உள்ள யாரு? எமல்டா டீச்சரா? மித்ராவையும் கிளாஸ்லேருந்து வரச் சொல்லிப் பக்கத்துல உக்கார வச்சிருக்காங்களா?

ஐயையோ. நான் ஹெச்.எம். அம்மாவுக்குல்ல தயார் பண்ணி வச்சிருந்தேன். "எமல்டா அவர்கள் மீது எனக்கு ஒரு மனக்குறை"ன்னு அவங்ககிட்டயே போய் எப்படிச் சொல்றது? அதுவும் அவ எதிர்ல. எனக்கு வேற ஒண்ணும் தெரியாதேம்மா. காலையிலேருந்து இது ஒண்ணைத்தான் சொல்லிப் பாத்தேன்.

இந்த மனு உங்ககிட்ட இருக்கட்டும். கிழிச்சாலும் சரி, கீழ போட்டாலும் சரி. விடைத்தாளை மட்டும் குடுங்க.

நீங்க பிள்ளை பெத்தவங்க, உங்களுக்குத் தெரியும். போன உடனே என்ன சொல்லணும்? முழுசா வேண்டாம். முதல் வரி மட்டும் எடுத்துக் குடுங்கம்மா, பிடிச்சுக்கறேன்.